லத்தீனோவா, லத்தீனாவா? ஸ்பானிய வாலோடு வந்த ஆங்கிலச் சொற்களை எழுதும் முறை

ஆறு மாதம் ஸ்பானியம் படித்த தைரியத்தில் ஒரு தவறு செய்தேன். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை. ஒரு கட்டுரையில் 'லத்தீனோ கம்யூனிட்டி' என்று இருந்தது. சமூகத்தைக் குறிக்கும் 'கொமுனிதாத்' ஸ்பானியத்தில் பெண்பால் சொல்லாயிற்றே, அதனோடு சேரும் அடைமொழியும் பெண்பாலாகத்தானே இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் 'லத்தீனா கம்யூனிட்டி' என மாற்றி அனுப்பினேன். மறுநாள் ஓரக்குறிப்போடு திரும்பி வந்தது: "இந்த ஊரில் ஆண்களே இல்லையா?"

லத்தீனோ, லத்தீனா (லத்தீன் அமெரிக்க வழியினர்), சிக்கானோ, சிக்கானா (அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினரில் ஒரு சாரார்), பிலிப்பீனோ, பிலிப்பீனா (பிலிப்பைன்ஸ் மக்கள்). 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால். இந்தக் கடைசி ஓசையைத்தான் வால் என்கிறேன். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், அங்குள்ள அலுவலகத்தோடு மின்னஞ்சலில் பேசுபவர், ஆங்கிலச் செய்தி எழுதுபவர், மொழிபெயர்ப்பவர் என்று யாராக இருந்தாலும் இந்தச் சொற்கள் ஒருநாள் கைக்கு வரும். ஸ்பானியம் தெரியாதவர்கள் ஒருவிதமாகத் தடுமாறுவார்கள். என்னைப்போல் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் இன்னும் மோசமாகத் தடுமாறுவார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: வால் யாரைக் காட்டுகிறது என்று பாருங்கள்

ஸ்பானியத்தில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். சாப்பாடு, இசை, சமூகம் மூன்றும் பெண்பால். அதனால் 'கொமிதா லத்தீனா', 'மூசிகா லத்தீனா' என்று எழுதுகிறார்கள். அங்கே கடைசியில் நிற்கும் 'ஆ' எந்தப் பெண்ணையும் குறிக்கவில்லை. பெயர்ச்சொல்லின் பாலுக்கு அடைமொழி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. ஆங்கிலம் சொல்லை வாலோடு வாங்கிக்கொண்டது. வாலை ஆட்டுகிற இலக்கணத்தை வாங்கவில்லை. ஆகவே ஆங்கிலத்தில் இந்த 'ஓ'வும் 'ஆ'வும் மனிதர்களின் பாலை மட்டுமே காட்டும். 'லத்தீனா கம்யூனிட்டி' என்றால் படிப்பவருக்குப் பெண்கள் மட்டும் கூடிய சமூகம். 'சிக்கானா இலக்கியம்' என்றால் பெண்கள் எழுதியது, அல்லது பெண்ணியப் பார்வையில் எழுதியது. அப்படி ஒரு துறையே இருக்கிறது. ஆனால் பொதுவான இலக்கியத்தைச் சொல்ல வந்தவர் அந்தச் சொல்லைப் போட்டால் பாதியை வெட்டிவிட்டார் என்று அர்த்தம்.

'தமிழச்சி சமையல்' என்று ஒரு உணவகத்துக்குப் பெயர் வைத்தால் நமக்கு என்ன தோன்றும்? உள்ளே ஒரு பெண்மணி சமைக்கிறார் என்று தோன்றும். தமிழ்ச் சமையல் என்று தோன்றாது. அதே விளைவுதான்.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பாடகி செலீனா. டெக்சஸ் மாநிலத்தில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண் என்பதால் அவர் ஒரு 'தெஹானா'. ஆனால் அவருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பட்டம் 'தெஹானோ இசையின் ராணி'. ஆளுக்கு 'ஆ', இசைக்கு 'ஓ'. ஒரே மனிதரைப் பற்றிய வாக்கியத்தில் இரண்டும் வரும், இரண்டும் சரி. இதை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பொருள்களுக்கும் கருத்துகளுக்கும் எப்போதும் 'ஓ' வடிவம்: லத்தீனோ உணவு, லத்தீனோ வாக்கு, பிலிப்பீனோ சமையல், சிக்கானோ வரலாறு. சில இடங்களில் மட்டும் வாலே இல்லாத 'லத்தீன்' நிலைத்துவிட்டது: லத்தீன் அமெரிக்கா, லத்தீன் இசை, 2000ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் லத்தீன் கிராமி விருது. அவற்றை நோண்ட வேண்டாம். ஆட்களை 'லத்தீன்ஸ்' என்று எழுதுவது பழைய பாணி, இப்போது காதில் உறுத்தும்.

இரண்டாம் படி: ஒருவரா, பலரா

ஒரு பெண் லத்தீனா. ஓர் ஆண் லத்தீனோ. பெண்கள் மட்டும் என்றால் கடைசியில் 'எஸ்' சேர்த்து லத்தீனாஸ். ஆண்களும் பெண்களும் கலந்திருந்தால் லத்தீனோஸ். இந்தக் கடைசி விதி ஸ்பானியத்திலிருந்து அப்படியே வந்தது. தொண்ணூற்றொன்பது பெண்களுக்கு நடுவில் ஒரே ஓர் ஆண் உட்கார்ந்திருந்தாலும் ஸ்பானிய இலக்கணப்படி அந்தக் கூட்டம் ஆண்பால் பன்மைதான். இது நியாயமா என்ற கேள்விதான் பின்னால் வரப்போகும் 'எக்ஸ்' சண்டைக்கு விதை.

தமிழில் நமக்கு இந்தத் தலைவலி குறைவு. மாணவன், மாணவி என்று பிரித்தாலும் மாணவர் என்ற பலர்பால் வடிவம் இருவரையும் அணைத்துக்கொள்ளும். தமிழன், தமிழச்சி, தமிழர். ஸ்பானியத்தில் அந்த மூன்றாவது நாற்காலி போடப்படவில்லை.

பன்மையில் 'எஸ்' மட்டும் போதும். உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் ஆங்கிலத்தில் 'இஎஸ்' போடுவதுபோல் இங்கே போடக்கூடாது. அப்புறம், இந்தச் சொல் அடைமொழியாக நிற்கும்போது பன்மையே ஏறாது. 'லத்தீனோ வோட்டர்ஸ்' என்பது சரி, 'லத்தீனோஸ் வோட்டர்ஸ்' தவறு. ஸ்பானியத்தில் அடைமொழியும் பன்மை ஏற்கும், ஆங்கிலத்தில் ஏற்காது. அரைகுறை ஸ்பானியம் இங்கேயும் காலை வாரும்.

'லத்தீனா வுமன்' என்று எழுதுவது 'நடு சென்டர்' என்பதுபோல. லத்தீனா என்றாலே பெண்தான். 'லத்தீனா எழுத்தாளர்', 'லத்தீனா தாய்மார்கள்' என்று தொழிலோ உறவோ பின்னால் வந்தால் தடையில்லை. 'லத்தீனோ வுமன்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஆங்கில இலக்கணப்படி அதில் பெரிய குற்றம் காண முடியாது. ஆனால் அந்த மக்களின் காதுக்கு அது இடறும். நான் விட்டுவிடுவேன்.

இன்னொன்று: ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்தில் தொடக்கம். ஸ்பானியத்தில் சிறிய எழுத்து. ஸ்பானியப் பக்கத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது இது தவறிப்போகும்.

மூன்றாம் படி: வாலில்லாத சொல் கிடைக்கிறதா என்று தேடுங்கள்

புதிதாக எழுத வருபவருக்கு நான் தரும் முதல் யோசனை இதுதான்: உங்களுக்கு லத்தீனோ, லத்தீனா என்ற சொல்லே தேவையில்லாமல் இருக்கலாம். மெக்சிகோ, கியூபா, கொலம்பியா, பெரு, புவெர்ட்டோ ரிக்கோ எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பால் காட்டாத சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன: மெக்சிகன், கியூபன், கொலம்பியன், பெருவியன், புவெர்ட்டோ ரிக்கன். பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் எடுக்கும் கணிப்புகளில் லத்தீனோ மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தங்களைப் பெரும்பாலும் தாய்நாட்டின் பெயரால்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே ஒருவர் எந்த நாட்டு வழி வந்தவர் என்று தெரிந்தால் அதையே எழுதுங்கள். சொல்லும் துல்லியமாகும், வால் பிரச்சினையும் ஒழியும். ஆனால் இங்கே ஸ்பானிய வடிவத்தை இழுத்து வராதீர்கள். 'மெக்சிகானா', 'கொலம்பியானோ' என்று ஆங்கில வாக்கியத்தில் எழுதுவது மேதாவித்தனமாகத் தெரியும். 'குபானோ' என்று எழுதினால் அமெரிக்கருக்கு முதலில் நினைவு வருவது பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்து அழுத்திச் சுட்ட ஒரு சாண்ட்விச்.

வாலில்லாத இன்னொரு சொல் ஹிஸ்பானிக். ஐபீரியத் தீபகற்பத்துக்கு ரோமானியர் வைத்த 'ஹிஸ்பானியா' என்ற பெயரிலிருந்து வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். அப்படியானால் எப்போதும் அதையே போட்டுவிடலாமே என்றால், முடியாது. இரண்டும் ஒரே வட்டம் இல்லை. ஹிஸ்பானிக் என்ற சொல் ஸ்பானிய மொழியைப் பார்க்கிறது. லத்தீனோ என்ற சொல் லத்தீன் அமெரிக்க நிலத்தைப் பார்க்கிறது. ஸ்பெயினின் மாட்ரிட்டில் பிறந்தவர் ஹிஸ்பானிக், ஆனால் வழக்கமான பேச்சில் லத்தீனோ அல்ல. சாவ் பாவ்லோவில் பிறந்தவர் லத்தீன் அமெரிக்கர், லத்தீனோ என்றும் சொல்வார்கள். ஆனால் பிரேசிலின் மொழி போர்ச்சுக்கீசியம் என்பதால் ஹிஸ்பானிக் அல்ல.

ஹிஸ்பானிக் என்ற சொல்லுக்கு அரசு முத்திரை விழுந்தது 1970களில். 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஸ்பானிய வம்சாவளியினரைப் பற்றிய புள்ளிவிவரம் திரட்டச் சட்டம் இயற்றியது. மறுஆண்டு அரசுத் துறைகளுக்கான வகைப்பாட்டில் ஹிஸ்பானிக் இடம்பெற்றது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்பானிய வம்சாவளியினரா என்ற கேள்வி எல்லோரிடமும் கேட்கப்பட்டது. 1997 திருத்தத்தில்தான் 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ' என்று இரண்டும் கைகோத்தன. 2020 கணக்கெடுப்பில் அப்படி எண்ணப்பட்டவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர்.

இந்தச் சொற்கள் எதுவும் நிறத்தைக் குறிக்கவில்லை என்பதும் முக்கியம். டொமினிக்கன் குடியரசில் பிறந்த கறுப்பரும், அர்ஜென்டினாவுக்கு இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தவரின் பேரனும், பெருவுக்குப் போன ஜப்பானியரின் பேத்தியும் இதே சொல்லுக்குள் வருவார்கள். "பார்க்க லத்தீனா மாதிரி இல்லையே" என்று அலுவலகத்தில் பேசி வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: 'முதல்' என்று எழுதும் முன் நில்லுங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். செய்தி எழுதுபவர்களும் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களும் தயவுசெய்து இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும்.

எல்லன் ஓச்சோவா 1993 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் பறந்தார். 'விண்வெளிக்குப் போன முதல் லத்தீனா' என்று எழுதினால் மிகச் சரி. 'முதல் லத்தீனோ' என்று எழுதினால் பிழை. ஏனென்றால் கோஸ்ட்டா ரிக்காவில் பிறந்த ஃப்ராங்க்ளின் சாங் டியாஸ் 1986லேயே பறந்துவிட்டார். அவருக்கும் முன்னால், 1980இல், கியூபாவின் அர்னால்டோ தமாயோ மெண்டெஸ் சோவியத் விண்கலத்தில் போய்வந்தார். இங்கே 'ஆ' என்ற ஒரு வால்தான் உண்மையைத் தாங்கி நிற்கிறது.

இப்போது சோனியா சோட்டோமயோர். புவெர்ட்டோ ரிக்கோ பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர், 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 'முதல் லத்தீனா நீதிபதி' என்று எழுதலாமா? பொய் இல்லை. ஆனால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? லத்தீனோ ஆண் ஒருவர் முன்பே இருந்திருப்பார், பெண்களில் இவர் முதல் என்று புரிந்துகொள்வார். அப்படி யாரும் இருக்கவில்லை. அவருக்கு முன் இரண்டு பெண்கள் அந்த மேடையில் இருந்தார்கள், ஒரு லத்தீனோகூட இல்லை. பெருமைப்படுத்தப் போட்ட பெண்பால் வால் அவருடைய சாதனையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இங்கே 'முதல் ஹிஸ்பானிக் நீதிபதி' என்று எழுதிவிட்டு, அவர் பெண் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்வது நல்லது. பெரும்பாலான செய்தித்தாள்கள் அப்படித்தான் செய்தன. (1932இல் நீதிபதியான பெஞ்சமின் கார்டோசோவின் முன்னோர் போர்ச்சுக்கீசிய யூதர்கள், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. அது தனி வழக்கு.)

மூன்றாவது, பிலிப்பைன்ஸின் பளுதூக்கும் வீராங்கனை ஹிடிலின் டியாஸ். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 55 கிலோ எடைப்பிரிவில் 224 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். பிலிப்பைன்ஸ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 1924இல். தொண்ணூற்றேழு ஆண்டுக் காத்திருப்பு. ஆணோ பெண்ணோ, அந்த நாட்டில் யாரும் அதுவரை ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை. ஆகவே அவர் 'தங்கம் வென்ற முதல் பிலிப்பீனோ'. இங்கே 'முதல் பிலிப்பீனா' என்று எழுதினால் சோட்டோமயோருக்கு நடந்த அதே குறைப்பு. 2024 பாரிஸில் கார்லோஸ் யூலோ ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கினார். அவரைப் பற்றி எழுதும்போது 'முதல் பிலிப்பீனோ ஆண்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும், 'முதல் பிலிப்பீனோ' என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார்.

சோதிக்கும் வழி எளிது. 'முதல்' என்று எழுதியதும், "இவருக்கு முன் இந்த இனத்தில் ஓர் ஆண் இதைச் செய்திருக்கிறாரா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் பெண்பால் வடிவம். இல்லை என்றால் பால் காட்டாத வடிவம், அல்லது வாக்கியத்தையே மாற்றுவது. 1945இல் இலக்கிய நோபல் வாங்கிய சிலி நாட்டுக் கவிஞர் கப்ரியேலா மிஸ்த்ராலை வைத்துப் பயிற்சி செய்து பாருங்கள். இலக்கிய நோபல் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்கரே அவர்தான். ஆண்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான் வரிசையில் வந்தார்கள்.

ஐந்தாம் படி: 'எக்ஸ்' போட்டவர்களை எப்படி எழுதுவது

ஆண்பால் பன்மை எல்லோருக்கும் பொது என்பதை ஒத்துக்கொள்ளாதவர்கள் பல வழிகளை முயன்றார்கள். சாய்கோடு போட்டு 'லத்தீனா/ஓ' என்று எழுதினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு துறையின் பெயரிலேயே 'சிக்கானா/ஓ' இன்றும் இருக்கிறது. 'ஓ'வும் 'ஏ'யும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிகிறது என்று மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுருள்குறியைப் போட்டார்கள். அழகான யோசனைதான், வாய்விட்டுப் படிக்கத்தான் வழியில்லை. அப்புறம் வந்தது 'எக்ஸ்'. லத்தீனெக்ஸ். ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் நோக்கம். 2018இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது.

பல்கலைக்கழகங்களிலும் பெருநிறுவனங்களிலும் பரவிய அளவுக்கு அது வீடுகளுக்குள் போகவில்லை. பியூ மையம் 2020இல் வெளியிட்ட கணிப்பில் அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களில் 23 விழுக்காட்டினர்தான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தார்கள். தமக்காகப் பயன்படுத்தியவர்கள் 3 விழுக்காடு. 2024இல் வெளியான கணிப்பில் கேள்விப்பட்டவர்கள் 47 ஆக ஏறினார்கள், பயன்படுத்துபவர்கள் 4. கேள்விப்பட்டவர்கள் பெருகினார்கள், பிடித்தவர்கள் பெருகவில்லை. 1929இலிருந்து இயங்கும் பழைய லத்தீனோ உரிமை அமைப்பான லுலாக் 2021 இறுதியில் தன் அலுவல் எழுத்துகளில் அதைக் கைவிட்டது. 2023 ஜனவரியில் ஆர்க்கன்சா மாநில ஆளுநர் பதவியேற்ற அன்றே அரசு ஆவணங்களில் அதற்குத் தடை போட்டார்.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் பழமைவாதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பானிய வாய்க்கு அந்த முடிவு பொருந்தவில்லை என்பது பலருடைய குறை. அந்தக் குறைக்குப் பதிலாகத்தான் 'லத்தீனே' வந்தது. ஸ்பானியத்தில் மாணவருக்குரிய 'எஸ்துதியாந்தே' போல 'எ' ஓசையில் முடியும் சொற்கள் பலவற்றில் பால் தெரியாது. அந்த வழக்கத்தை நீட்டினால் லத்தீனே. உச்சரிப்பில் சிக்கல் இல்லை. ஆனால் அதற்கும் அரசியல் உண்டு. ஸ்பானிய அரச மொழிக்கழகம் இந்த மாற்று வடிவங்கள் எதையும் ஏற்கவில்லை, புவெனஸ் ஐரிஸ் நகர நிர்வாகம் 2022இல் பள்ளி வகுப்புகளில் இவற்றைத் தடைசெய்தது.

சரி, நீங்கள் என்ன செய்வது? ஒருவர் தன்னை லத்தீனெக்ஸ் என்றோ லத்தீனே என்றோ சொல்லிக்கொண்டால் அவரைப் பற்றி எழுதும்போது அப்படியே எழுதுங்கள். அமைப்பின் பெயரில் இருந்தால் பெயரைத் திருத்தாதீர்கள். மேற்கோளில் இருந்தால் கை வைக்காதீர்கள். பொதுவான மக்கள் கூட்டத்துக்கு நீங்களாக அதைப் போட வேண்டாம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. உங்கள் நிறுவனத்துக்குத் தனிக் கையேடு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், சண்டை போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன், சம்பளம் ஒன்றும் ஏறவில்லை.

ஆறாம் படி: பிலிப்பைன்ஸுக்கு வேறு கணக்கு

1540களில் ஸ்பானியக் கடலோடி வில்லலோபோஸ், பின்னாளில் இரண்டாம் ஃபிலிப் மன்னரான இளவரசர் ஃபெலிப்பேயின் பெயரை அந்தத் தீவுகளுக்கு வைத்தார். 1565 முதல் 1898 வரை ஸ்பானிய ஆட்சி. அதில் வெகுகாலம் 'பிலிப்பீனோ' என்பது தீவுகளில் பிறந்த ஸ்பானியரைத்தான் குறித்தது. மண்ணின் மக்களை ஆட்சியாளர்கள் 'இந்தியோ' என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் மக்கள் அந்தப் பெயரைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

முதல் குழப்பம் எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் 'பிஎச்'சில் தொடங்கும், மக்களின் பெயர் 'எஃப்'பில் தொடங்கும். நாட்டின் பெயர் ஆங்கில ஃபிலிப் வழியாக வந்தது, மக்களின் பெயர் ஸ்பானியத்திலிருந்து நேராக வந்தது. மக்களின் பெயரை 'பிஎச்' போட்டு எழுதுவதுதான் நான் பார்க்கும் பிழைகளில் அதிகம் வருவது. அரசு, தூதரகம், நாணயம் போன்றவற்றுக்கு 'பிலிப்பைன்' என்ற அடைமொழி. மக்கள், மொழி, சாப்பாடு என்றால் பிலிப்பீனோ.

இரண்டாவது, வால். லத்தீனா விஷயத்தில் இருக்கும் கெடுபிடி இங்கே இல்லை. ஒரு பெண் "நான் பிலிப்பீனோ" என்பார், இன்னொருவர் "நான் பிலிப்பீனா" என்பார், இரண்டும் சரி. 'பிலிப்பீனோ வுமன்' என்று எழுதினால் யாருக்கும் உறுத்தாது. காரணம் அவர்களுடைய மொழி. தகலாகில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது, இரண்டுக்கும் 'சியா'. கணவனும் 'அசாவா', மனைவியும் 'அசாவா'. அண்ணன், தங்கை எல்லோரும் 'கபதித்'. இப்படி ஒரு மொழி பேசுகிறவர்களிடம் 2020இல் ஓர் இணைய அகராதி 'பிலிப்பீனெக்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தபோது, மணிலாவில் எழுந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியது: "எங்களிடம் இல்லாத நோய்க்கு அமெரிக்காவிலிருந்து மருந்தா?" என்ற தொனி. அமெரிக்காவில் வளர்ந்த பிலிப்பீனோ இளைஞர்கள் சிலர் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. முன்சொன்ன விதியே இங்கும்: அவர் சொன்னால் எழுதுங்கள்.

மூன்றாவது நம் ஆட்களுக்கு. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர் வாயில் 'பிலிப்பினி' புழங்குகிறது. அது அரபு வழி வந்த வடிவம். ஆங்கிலத்தில் எழுதும்போது வேண்டாம். சிங்கப்பூரிலும் துபாயிலும் 'எ பிலிப்பீனா' என்று தனியாகச் சொன்னால் கேட்பவர் மனத்தில் வீட்டுவேலை செய்யும் பெண் என்ற படம் வந்துவிடுகிறது. சொல்லில் குற்றமில்லை, பழக்கத்தில் குற்றம். ஆகவே தொழிலைச் சேர்த்து எழுதுவது நல்லது: பிலிப்பீனோ செவிலியர், பிலிப்பீனா கணக்காளர். பினோய், பினாய் என்ற செல்லப் பெயர்கள் அவர்களுக்குள் வழங்குபவை. முதலாவது ஆணுக்கும் பொதுவுக்கும், இரண்டாவது பெண்ணுக்கு. நட்பு முற்றியபின் பேச்சில் வரலாம், அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம்.

ஏழாம் படி: சிக்கானோ என்பது முகவரி அல்ல, நிலைப்பாடு

இந்தச் சொல்லை 'மெக்சிகன்' என்பதற்கு மாற்றாகப் போடாதீர்கள். மெக்சிகோ நகரத்தில் இருப்பவர் சிக்கானோ அல்ல. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினரில், தன்னை அப்படி அழைத்துக்கொள்பவர் மட்டுமே. ஒருகாலத்தில் மட்டம்தட்டும் சொல்லாக இருந்ததை 1960களில் இளைஞர்கள் எடுத்துக் கொடியில் ஏற்றினார்கள். 1969இல் 'மேச்சா' மாணவர் அமைப்பு பிறந்தது. 1970 ஆகஸ்ட் 29 அன்று கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வியட்நாம் போருக்கு எதிரான சிக்கானோ பேரணி நடந்தது. அன்று காவல்துறையினர் வீசிய கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டுப் பத்திரிகையாளர் ரூபன் சலசார் இறந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான், சிக்கானோ என்பவர் யார் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் அவர் விளக்கி எழுதியிருந்தார். வெள்ளையர் கண்ணால் தன்னைப் பார்க்காத மெக்சிகோ அமெரிக்கர் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

அந்த இயக்கத்துக்குள்ளேயே பெண்கள் தாங்கள் ஓரங்கட்டப்படுவதாகச் சொல்லித் தனிக்குரல் எழுப்பினார்கள். 'சிக்கானா' என்ற சொல்லுக்கு வெறும் பெண்பால் என்பதைத் தாண்டிய கூர்மை வந்தது அதனால்தான். வயதான மெக்சிகோ அமெரிக்கர் சிலருக்கு இந்தச் சொல் இன்றும் பிடிக்காது. கேட்காமல் யார் மீதும் ஒட்டாதீர்கள்.

கை வைக்கக் கூடாதவை

கறுப்பர், வெள்ளையர் கலப்பு வழியினரைக் குறித்த 'முலாட்டோ', 'முலாட்டா' இரண்டையும் வரலாற்று ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது தவிர எழுத வேண்டாம், ஆங்கிலத்தில் அவை வசை. 'மெஸ்டிஸோ', 'மெஸ்டிஸா' மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் வழங்கும் சொற்கள்தான், ஆனால் இரண்டு இடத்திலும் பொருள் வேறு. மெக்சிகோவில் ஐரோப்பியரும் பழங்குடியினரும் கலந்த வழி. பிலிப்பைன்ஸில் பேச்சுவழக்கில் வெளுத்த நிறத்தவரையும் அப்படிச் சொல்வார்கள். இடத்தைச் சொல்லாமல் போடாதீர்கள். ஸ்பானியம் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை 'ஸ்பானிஷ்' என்று எழுதினால் அவர் ஸ்பெயின்காரர் ஆகிவிடுவார். ஆங்கிலம் பேசும் நம்மை 'இங்கிலிஷ்' என்பதுபோல்.

தமிழில் எழுதும்போது

மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 'லத்தீனோக்கள்', 'லத்தீனாக்கள்' என்று தமிழில் பன்மை போடலாம், ஆனால் வாலின் பொருள் தெரியாத வாசகருக்கு அது அச்சுப்பிழைபோலத் தெரியும். நான் 'லத்தீனோ மக்கள்', 'லத்தீனோ பெண்கள்' என்று எழுதுகிறேன். தமிழில் 'பெண்' என்ற சொல்லே வேலையைச் செய்துவிடுவதால் இங்கே வாலை மாற்ற வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸுக்கு நம் 'அர்' விகுதி அழகாக உட்காருகிறது: பிலிப்பீனர். ஆணும் பெண்ணும் எவரும் அதில் அடங்குவார்கள். அதே ஆசையில் ஒருமுறை 'லத்தீனர்' என்று தலைப்பு வைத்துப் பார்த்தேன். "ரோமாபுரிக்காரர்கள் எப்போது டெக்சஸுக்கு வந்தார்கள்?" என்று கேட்டுவிட்டார் ஆசிரியர். அதிலிருந்து 'லத்தீன் அமெரிக்கர்' என்று முழுதாகத்தான் எழுதுகிறேன், தலைப்பில் இடம் இல்லாவிட்டாலும்.